கிளார்ஜின் இன்சுலின்: பெட்டி விலையை விட்டு யுனிற் கணக்குப் பார்ப்பது எப்படி?

அம்மாவுக்கு டொக்டர் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினை எழுதிக் கொடுத்த அன்று, பாமசியில் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார்கள். ஒன்று லான்டஸ், கிளார்ஜினின் மூலக் கம்பனிப் பெட்டி. மற்றது விலை குறைந்த இந்தியத் தயாரிப்பு. "ரெண்டும் ஒரே மருந்துதான் அண்ணன்" என்றார் கடையில் நின்ற தம்பி. அம்மா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, "விலை குறைஞ்ச ஊசி வேணாம் மகன்" என்றார். நானும் கூடிய விலைப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஆரையம்பதிக்கு வந்து சேர்ந்தேன்.

அம்மா பயந்தது பிழை. தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி. கணக்குப் பார்க்காமல் காசை நீட்டிய நான்தான் முழுப் பிழை. இது விளங்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் காலத்தில் டொக்டர்மாரிடமும் மிஸிமாரிடமும் கேட்டு, பெட்டிக்குள் இருக்கும் தாளை எழுத்தெழுத்தாகப் படித்து அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்று எண்களை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 100, 300, 28. காசும் இவற்றில்தான் போகிறது, ஆபத்தும் இவற்றில்தான் வருகிறது.

எத்தனை யுனிற் போடுவது என்பதை டொக்டர்தான் தீர்மானிப்பார். அதில் நான் தலையிடவில்லை, நீங்களும் இதைப் படித்துவிட்டு மாற்றாதீர்கள்.

படி 1: கிளார்ஜின் தேவைதானா என்று கேளுங்கள்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் அரச கிளினிக் நடக்கிறது. அங்கே மனித இன்சுலின் இலவசம். தெளிவான குறுகிய நேர இன்சுலின், பால்போலக் கலங்கிய நடுத்தர நேர இன்சுலின், இரண்டும் கலந்த 30/70 வகை ஆகியவைதான் மனித இன்சுலின் என்று சொல்லப்படுபவை. இவை பழைய மருந்து என்பதால் மட்டமானவை அல்ல. 2018 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், பெரும்பாலானோருக்கு மனித இன்சுலினிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. அதில் இருக்கும்போது அடிக்கடி இரத்தத்தில் சீனி ஆபத்தாக இறங்குகிறவர்களுக்குத்தான் கிளார்ஜின் போன்ற நீண்ட நேர இன்சுலினை அது பரிந்துரைக்கிறது.

எனவே தனியாரிடம் காட்டிக் கிளார்ஜின் எழுதி வாங்கியவர்கள் ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள்: "டொக்டர், கிளினிக்கில் தரும் இன்சுலினில் எனக்குச் சமாளிக்க முடியாதா?" பலருக்கு முடியும் என்றே பதில் வரும். அப்படியானால் மாதச் செலவு ஊசி முனைக்கும் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும் மட்டுமே. அம்மாவுக்கு முடியவில்லை. இரவு இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி எழும்புவார். அதனால்தான் கிளார்ஜின்.

படி 2: பயோசிமிலர் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள்

பனடோல் மாத்திரையின் மூலப்பொருள் ஒரு சின்ன இரசாயனம். எந்தக் கம்பனி செய்தாலும் மூலக்கூறு அச்சொட்டாக ஒன்றாக இருக்கும். நம் நாட்டில் மருந்தைக் கம்பனிப் பெயரில் கேட்காமல் மருந்தின் பொதுப் பெயரில் வாங்கும் எண்ணம் ஊன்றியதே இதை வைத்துத்தான். 1971 இல் தொடங்கிய அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலை அதற்காகவே நின்றவர். செங்கலடியிலிருந்து பதுளை ரோட்டில் போனால் வருகிறதே பிபிலை, அந்த ஊர்க்காரர்.

இன்சுலின் அப்படியல்ல. அது புரதம். தொழிற்சாலையில் இரசாயனத்தைக் கலந்து செய்ய முடியாது, உயிருள்ள கலத்தை வைத்து வளர்த்தெடுக்க வேண்டும். மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். கிளார்ஜினில் 53: ஒன்றை மாற்றி, இரண்டைக் கூட்டியிருக்கிறார்கள். அந்தச் சின்ன மாற்றத்தால் இது அமிலத் தன்மையான திரவத்தில் கரைந்து நிற்கும், தோலுக்குக் கீழே போனதும் துகள்களாகப் படியும், பிறகு ஏறத்தாழ 24 மணித்தியாலம் மெல்ல மெல்லக் கரைந்து இரத்தத்துக்குப் போகும். ஊசி போட்ட இடம் சிலருக்குக் கொஞ்சம் கடுப்பதும் அந்த அமிலத்தால்தான்.

லான்டஸைச் செய்யும் சனோபி கம்பனி அதை ஒரு பாக்டீரியாவில் வளர்க்கிறது. இந்தியாவின் பயோகான் கம்பனி ஒருவகை ஈஸ்டில் வளர்க்கிறது. செய்கிற வழி வேறு என்பதால் "இரண்டும் ஒன்றுதான்" என்று வாயால் சொன்னால் போதாது, ஆய்வுகூடத்திலும் நோயாளரிடத்திலும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டித் தேறியதற்குத்தான் பயோசிமிலர் என்று பெயர். லான்டஸ் 2000 இல் அங்கீகாரம் பெற்றது. ஐரோப்பாவில் முதல் பயோசிமிலர் கிளார்ஜின் 2014 இல் வந்தது. பயோகான் செய்யும் கிளார்ஜினை 2021 ஜூலையில் அமெரிக்கா ஏற்றது, மூல மருந்துக்குப் பதிலாகப் பாமசியே மாற்றிக் கொடுக்கலாம் என்ற தகுதியோடு. அதே 2021 இல் உலக சுகாதார நிறுவனமும் நீண்ட நேர இன்சுலினையும் அதன் பயோசிமிலர்களையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

விலை குறைந்த ஊசி வேலை செய்யாது என்ற பயம் இத்துடன் தீர வேண்டும். ஆனால் மலிவான எல்லாம் பயோசிமிலர் ஆகிவிடாது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான பொருளாக இருக்க வேண்டும். சென்னைக்குப் போன உறவினர் சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்த பெட்டி எந்த வெயிலில் எத்தனை மணித்தியாலம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

படி 3: யுனிற் கணக்கு

இங்கேதான் என் காசு போனது.

கிளார்ஜின் சாதாரணமாக ஒரு மில்லிலீற்றரில் 100 யுனிற். பேனை வடிவ ஊசிக் கருவியிலும், பேனைக்குள் போடும் மருந்துக் குழாயான காட்ரிஜிலும் 3 மில்லிலீற்றர், அதாவது 300 யுனிற். குப்பியில் 10 மில்லிலீற்றர், 1000 யுனிற். திறந்தால் 28 நாள்தான். உள்ளே மிச்சம் இருந்தாலும் 28 நாள் கழிந்தால் எறிய வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

விலைகள் அடிக்கடி மாறுவதால் கற்பனை விலை ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். ஒரு குப்பி 6,000 ரூபா, ஒரு காட்ரிஜ் 2,400 ரூபா என்று வைப்போம். பெட்டிக் கணக்கில் குப்பியில் யுனிற் 6 ரூபா, காட்ரிஜில் 8 ரூபா. குப்பி மலிவு என்று நானும் இப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவுக்கு நாளுக்கு 20 யுனிற். 28 நாளில் குப்பியிலிருந்து போவது 560 யுனிற். மிச்சம் 440 யுனிற் குப்பையில். ஆக 28 நாளுக்கு முழு 6,000 ரூபாவும் போய்விட்டது. காட்ரிஜில் ஒவ்வொரு தடவையும் முனையில் மருந்து வருகிறதா என்ற சோதனைக்கு 2 யுனிற் தள்ள வேண்டும் என்பதால் நாளுக்கு 22, 28 நாளுக்கு 616 யுனிற். யுனிற் 8 ரூபாப்படி 4,928 ரூபா. காட்ரிஜ் ஒவ்வொன்றும் 28 நாள் ஆகுமுன்பே முடிந்துவிடுவதால் வீணாவது எதுவுமில்லை. "விலை கூடிய" காட்ரிஜ்தான் மலிவு.

1000 யுனிற்றை 28 ஆல் பிரித்தால் 35.7 வரும். நாளுக்கு ஏறக்குறைய 36 யுனிற்றோ அதற்கு மேலோ போடுகிறவருக்குத்தான் குப்பி முழுதாகப் பயன்படும். அதற்குக் குறைவானவர் குப்பி வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மிகக் குறைந்த அளவு போடுகிறவருக்குப் பேனையிலும் வீணாகும்: நாளுக்கு 4 யுனிற் என்றால் சோதனையோடு 6, 28 நாளில் 168, மிச்சம் 132 போகும். அதைத் தவிர்க்க வழியில்லை. 28 நாளைத் தாண்டி இழுப்பது மிச்சம் பிடிப்பதல்ல. மருந்தின் வலு குறையும், கிருமி சேரும், சீனி ஏறி வார்ட்டில் கிடக்கும் செலவு அதைவிடப் பெரிது.

பேனையில் இரண்டு வகை. ஒன்று மருந்து முடிந்ததும் எறிவது. மற்றது ஒரு தடவை வாங்கிவைத்துக் காட்ரிஜ் மாற்றுவது. இரண்டாவதை வாங்கினால் அந்தக் கம்பனி சொல்லும் காட்ரிஜை மட்டுமே போட வேண்டும். "கொஞ்சம் அழுத்தினால் ஏறும்" என்று வேறு கம்பனிக் காட்ரிஜைத் திணித்தால் அளவு பிழைக்கும். ஆகவே இப்பேனையை வாங்குமுன் அதற்குரிய காட்ரிஜ் தொடர்ந்து வருகிறதா என்று கடையில் கேளுங்கள். பேனை கையில் இருந்து காட்ரிஜ் கிடைக்காமல் போனால் என்ன செய்வது?

மாதக் கணக்கில் ஊசி முனை, சிறிஞ், ஸ்ட்ரிப் விலைகளையும் சேருங்கள். ஒரு பேனையைப் புருசனும் பெண்சாதியும் பங்குபோடுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். முனையை மாற்றினாலும் ஆபத்துத்தான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் காட்ரிஜுக்குள் ஏறும்.

படி 4: கடையில்

மருந்துத் துண்டில் "கிளார்ஜின்" என்ற பொதுப் பெயரும், 100 யுனிற் என்பதும், குப்பியா பேனையா என்பதும் தெளிவாக இருக்கட்டும். ஒரு மில்லிலீற்றருக்கு 300 யுனிற் உள்ள கிளார்ஜினும் உலகில் உண்டு, அது வேறு மருந்து போலத்தான். இரண்டுக்கும் இடையில் டொக்டர் இல்லாமல் மாறக்கூடாது.

அரச மருந்துக் கடையான ஒசுசலவிலும் இரண்டு பாமசியிலும் விலை கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெட்டி பிரிஜிலிருந்து வருகிறதா, கண்ணாடி அலுமாரியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். அலுமாரியிலிருந்து வந்தால் வேண்டாம். காலாவதித் திகதி பாருங்கள், பில்லில் தொகுதி இலக்கத்தை எழுதிக் கேளுங்கள். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரம் வெடித்த பிறகு, ஊசி மருந்தில் தொகுதி இலக்கம் எதற்கு என்று நம் நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருந்தில் பிழை இருந்தால் முறைப்பாட்டுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

படி 5: சிறிஞ்சின் மூடி நிறம்

இதை மெதுவாகப் படியுங்கள். இந்த வழிகாட்டியில் உயிரோடு விளையாடும் இடம் இதுதான்.

குப்பியிலிருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு வகை இன்சுலின் சிறிஞ் கைக்கு வரலாம். செம்மஞ்சள் மூடி 100 யுனிற் மருந்துக்கு, சிவப்பு மூடி 40 யுனிற் மருந்துக்கு. இலங்கையில் 100 யுனிற்தான் வழக்கம். இந்தியாவில் மனித இன்சுலின் இன்னும் 40 யுனிற் குப்பியில் விற்கிறார்கள். அங்கிருந்து வந்த பையில் சிவப்பு மூடிச் சிறிஞ்சும் சேர்ந்தே வரும்.

சிவப்பு மூடிச் சிறிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் அரை மில்லிலீற்றர். 100 யுனிற் கிளார்ஜினில் அரை மில்லிலீற்றர் என்றால் 50 யுனிற். இருபது போட நினைத்து ஐம்பது போட்டாயிற்று, இரண்டரை மடங்கு. அதுவும் 24 மணித்தியாலம் விடாமல் வேலை செய்யும் மருந்து. இப்படி நடந்துவிட்டால் "பார்ப்போம்" என்று வீட்டில் இருக்கக்கூடாது, சீனித் தண்ணி கொடுத்தபடியே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மறுபக்கமாக, 40 யுனிற் குப்பியைச் செம்மஞ்சள் சிறிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு குறையும், சீனி ஏறும்.

அதேபோலப் பேனைக் காட்ரிஜுக்குள் சிறிஞ்சைக் குத்தி மருந்தை உறிஞ்சாதீர்கள். கிளார்ஜினை வேறு இன்சுலினோடு ஒரே சிறிஞ்சில் கலக்காதீர்கள். அமிலத் தன்மை மாறினால் அது கெட்டுவிடும்.

படி 6: வெக்கையும் கறன்ட் கட்டும்

திறக்காத பெட்டி 2 முதல் 8 பாகை வரை, பிரிஜின் நடுத்தட்டில். கதவில் வைத்தால் வெப்பம் ஏறி இறங்கும், ஐஸ் பெட்டிக்கு அருகில் வைத்தால் உறையும். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. திறந்த பேனையைத் திரும்பப் பிரிஜில் வைக்க வேண்டியதில்லை, 30 பாகைக்குள் நிழலில் இருந்தால் போதும். திறந்த திகதியையும் எறிய வேண்டிய திகதியையும் மார்க்கரால் பேனையிலேயே எழுதுங்கள். அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது, எண் தெரியும்.

ஆனால் 30 பாகை என்பது நம் பக்கம் லேசான காரியமா? கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை வீட்டில் பகல் முழுக்க அதைத் தாண்டும். அதற்குப் பழைய மண்பானை உதவும். பெரிய பானைக்குள் சிறிய பானை, இடையில் ஆற்று மணல், மணலில் தண்ணீர், வாயில் ஈரத்துணி. பேனையை ஒரு பொலித்தீன் பையில் கட்டி உள்ளே வைத்தால் நனையாது. காய்ந்த காற்றில்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகிக் குளிர்விக்கும், அதனால் கச்சான் காலத்தில் இது நன்றாக வேலை செய்யும். மாரியில் ஈரக் காற்று என்பதால் பெரிதாகக் குளிராது, அப்போது பானை தேவைப்படுவதும் குறைவு. பானையைக் காற்றோட்டமான விறாந்தையில் வையுங்கள். மூடிய அறைக்குள் வைத்தால் பயனில்லை.

2022 இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கறன்ட் போனபோது எங்கள் தெருவில் நாலைந்து வீட்டு இன்சுலின் பிரிஜுக்குள்ளேயே இருந்தது. பிரிஜைத் திறக்காமல் விட்டதுதான் அதைக் காப்பாற்றியது. மாரி வெள்ளத்தில் வழி அறுந்து போகும் படுவான்கரைப் பக்கத்தவர்கள் ஐப்பசி பிறக்குமுன் ஒரு மாத மருந்தைக் கூடுதலாக எடுத்து வைப்பது நல்லது. கொழும்புக்குப் பயணம் என்றால் மருந்து கைப்பையில் இருக்கட்டும், பஸ்ஸின் பின்பெட்டியில் அல்ல. ஐஸ் பையோடு கொண்டுபோனால் இடையில் ஒரு துவாயைச் சுற்றுங்கள்.

படி 7: ஊசி போடுதல்

கையைக் கழுவுங்கள். பேனையில் எழுதியிருக்கும் பெயரை ஒவ்வொரு தடவையும் படியுங்கள். கிளார்ஜின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும், குலுக்கக்கூடாது. கலங்கியிருந்தால் எறியுங்கள். 30/70 இதற்கு நேர்மாறு, அதை உள்ளங்கையில் உருட்டிக் கலக்கித்தான் போட வேண்டும். வீட்டில் இரண்டும் இருந்தால் ஒன்றில் நிற நாடா ஒட்டி வையுங்கள்.

புதிய முனையைப் பூட்டி, 2 யுனிற் திருப்பி, முனை மேலே பார்க்க அழுத்துங்கள். துளி வந்தால் சரி. பிறகு உங்கள் அளவு. வயிற்றில் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் விலகி, அல்லது தொடையில். 4 மில்லிமீற்றர் முனை என்றால் பெரியவர்களுக்குத் தோலைக் கிள்ள வேண்டியதில்லை. முழுதாக அழுத்திய பின் பத்து வரை எண்ணி எடுங்கள். அவசரப்பட்டால் மருந்து தோலில் வழியும், யுனிற்றும் போச்சு காசும் போச்சு.

ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டியாகும். அந்த இடம் வலிக்காது என்பதால் எல்லாரும் அங்கேயே குத்துவார்கள், அம்மாவும்தான். கட்டியில் போடும் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. புதிய இடத்துக்கு மாறும்போது அதே அளவு திடீரென்று கூடுதலாக வேலை செய்யும், ஆகவே டொக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். முனையைப் பேனையில் விட்டு வைக்காதீர்கள், காற்று ஏறும்.

நாளுக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில். மறந்துபோனால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

படி 8: பெட்டி மாறும்போது

லான்டஸிலிருந்து 100 யுனிற் பயோசிமிலருக்கு மாறினால் அளவு மாறாது, இருபதுக்கு இருபது. ஆனாலும் டொக்டருக்குத் தெரிய வேண்டும், கிளினிக் கொப்பியில் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றுச் சீனியை அடிக்கடி பாருங்கள். நாளுக்கு இரண்டு தடவை போடும் கலங்கிய நடுத்தர நேர இன்சுலினிலிருந்து கிளார்ஜினுக்கு வருபவருக்கும், 300 யுனிற் வகையிலிருந்து வருபவருக்கும் தொடக்க அளவைச் சுமார் 20 சதவீதம் குறைப்பது வழக்கம், அதை டொக்டர் செய்வார். மாதத்துக்கு மாதம் மலிவைத் தேடி மாறிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்தமில்லை. பேனை மாறும், பழக்கம் மாறும், கை பிழைக்கும். தொடர்ந்து கிடைக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 9: சீனி இறங்கினால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்க் கோபம். சீனி பார்க்கும் மானியில் 70 (mg/dL) க்குக் கீழே என்றால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். தேத்தண்ணி ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியபின் சோறோ பிட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

காத்தான்குடி, அக்கரைப்பற்று நண்பர்கள் றமழானுக்கு முன்பே டொக்டரைப் பாருங்கள். கிளார்ஜினை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, 15 முதல் 30 சதவீதம் வரை குறைப்பது வழக்கம். விரல் குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காது. 70 க்குக் கீழே வந்தால் நோன்பை விட்டுவிட வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கும் நம் அம்மாமாருக்கும் இதே எச்சரிக்கைதான். ஆனால் அவர்கள் டொக்டரிடம் விரதத்தைச் சொல்வதே இல்லை.

படி 10: பாவித்த முனை

ஒரு முனை ஒரு தடவைக்குத்தான். பாவித்ததைக் கனமான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடுங்கள், சோடாப் போத்தல் மெல்லியது, முனை குத்தி வெளியே வரும். நிறைந்ததும் மூடியை நாடாவால் ஒட்டி, கிளினிக் போகும் நாளில் மிஸியிடம் கேட்டுக் கொடுங்கள். கடற்கரையிலோ வாவிக்கரையிலோ எறிந்தால் வலை இழுப்பவரின் காலில் ஏறும். எங்கள் வீட்டுப் போத்தல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறைகிறது. அதைக் கொண்டுபோகும் நாளில்தான் அம்மா அடுத்த பெட்டியின் விலையையும் விசாரிப்பார். இப்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது, "யுனிற் எவ்வளவு வருது மகன்?"